காவிரி டெல்டாவில் சிக்கனமும் பசுமையும்: வீட்டுச் செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய ஆற்றுப்பாசன ஊர்களிலும் குடும்பம் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுற்றுச்சூழலைக் காக்கும் பழக்கங்கள் பற்றி வரும் குறிப்புகளில் பெரும்பாலானவை பெருநகரத்து அடுக்குமாடி வீட்டை மனத்தில் வைத்தவை. நமக்குக் கொல்லை இருக்கிறது, பக்கத்தில் வாய்க்கால் ஓடுகிறது, நெல் விளையும் இடத்திலேயே குடியிருக்கிறோம். ஆகையால் நம் கணக்கு வேறு.

ஒவ்வொரு பதிலிலும் மூன்றைப் பார்த்திருக்கிறேன். கையில் எவ்வளவு காசு நிற்கிறது, மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன நன்மை, அந்த வேலை வீட்டில் யார் தலையில் விழுகிறது. மூன்றாவதைக் கணக்கில் எடுக்காததால்தான் பல நல்ல பழக்கங்கள் ஒரே மாதத்தில் நின்றுபோகின்றன.

இயற்கைப் பொருள் என்றாலே விலை கூடுதலாக இருக்கிறதே, இதில் எப்படிக் காசு மிச்சமாகும்?

பசுமை என்று பெயர் ஒட்டி விற்கும் பொருளை வாங்கினால் மிச்சமாகாது. வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்கள் உடையாமல் இருந்தால் அவற்றிலேயே உப்பும் புளியும் இருக்கட்டும். அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணாடிச் சாடி வாங்கினால் செலவும் கூடும், குப்பையும் கூடும். மிச்சம் வருவது வேறு இடத்தில். மாதந்தோறும் திரும்பத் திரும்பப் போகும் பணம் எது என்று பாருங்கள்: மின்சாரம், கேஸ், அரிசி பருப்பு, தண்ணீர் கேன், பெட்ரோல். இந்த ஐந்திலும் குறைவாகச் செலவழிப்பதும் குறைவாக வீணாக்குவதும் ஒன்றேதான். எனவே பொருளை மாற்றுவதற்கு முன்னால் இந்த ஐந்தின் மூன்று மாதச் செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள். எது பெரிய தொகையோ அதில் கை வையுங்கள்.

மின்கட்டணத்தைக் குறைக்க எதை முதலில் மாற்றுவது?

விசிறியை. பங்குனியில் ஓடத் தொடங்கும் விசிறி ஐப்பசி மழை வரும்வரை நிற்பதில்லை. கடலோரப் பக்கம் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் மழைக்காலத்திலும் புழுக்கம் விடுவதில்லை.

பழைய மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட், கணக்கெடுக்கும் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். இப்போது கடைகளில் கிடைக்கும் பிஎல்டிசி விசிறி (மின்சாரம் குறைவாக இழுக்கும், பிரஷ் இல்லாத மோட்டார் வைத்தது) ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. அதே 12 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஒரு விசிறியில் 32 யூனிட் குறைகிறது. மூன்று விசிறி என்றால் நூறை நெருங்கும். வாய்க்காலின் கடைமடைப் பகுதி ஊர்களில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்கும்போது சாதாரண விசிறி சோர்ந்து சுற்றும். பிஎல்டிசி விசிறி அழுத்தம் குறைந்தாலும் வேகம் குறையாமல் ஓடக்கூடியது. நம் ஊருக்கு இது கூடுதல் லாபம்.

விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. அதனால் எல்லா அறையிலும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இரவு முழுவதும் ஓடும் படுக்கையறை விசிறியை முதலில் மாற்றுங்கள். எப்போதாவது விருந்தினர் வந்தால் ஓடும் அறையில் பழைய விசிறியே இருக்கட்டும். அங்கே புதியது வாங்கினால் போட்ட காசு திரும்பி வர வெகுகாலம் ஆகும்.

விளக்கு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோக் வைத்த பழைய குழல்விளக்கு இன்னும் இருந்தால் கெட்டுப்போகும்போது 20 வாட் எல்இடி குழலாக மாற்றிவிடுங்கள்.

500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் திடீரென்று ஏறுகிறதே, ஏன்?

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியான விகிதத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கிடப்படுகிறது. 2016இல் முதல் 100 யூனிட் இலவசமானது. அதற்கு மேல் 500 யூனிட் வரை பயன்படுத்துகிறவர்களுக்கு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் குறைந்த விகிதம் உண்டு. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை போய், அந்த யூனிட்டுகளும் மேல்விகிதத்தில் கணக்கிடப்படும். அதாவது 510 யூனிட் பயன்படுத்தும் வீடு பத்து யூனிட்டுக்கு மட்டும் கூடுதலாகக் கட்டவில்லை. முழு ரசீதும் மாறிவிடுகிறது.

ஆகவே உங்கள் வீட்டு ரசீது 480க்கும் 590க்கும் நடுவில் ஊசலாடுகிறதென்றால், மேலே சொன்ன மூன்று விசிறிகளே உங்களை ஒரு படி கீழே கொண்டுவந்துவிடும். கணக்கெடுப்பவர் வரும் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, முதல் மாதம் முடிந்ததும் மீட்டரை நீங்களே பாருங்கள். 250ஐத் தாண்டியிருந்தால் மீதி மாதத்தில் எங்கே குறைப்பது என்று யோசிக்க நேரம் இருக்கும்.

ஏசி, தண்ணீர் மோட்டார் இவற்றில் என்ன செய்யலாம்?

ஏசியை 24 டிகிரியில் வைத்து மெதுவாக ஒரு விசிறியையும் ஓட விடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் மின்செலவு சுமார் 6 சதவீதம் குறையும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 18இல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்ளும் பழக்கத்தை விட்டால் போதும்.

மோட்டாரை யாரும் கவனிப்பதில்லை. 1 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட். மேல்தொட்டி நிரம்பி வழிந்து தெருவில் ஓடும் அந்தக் கால் மணி நேரம் தினமும் நடந்தால், இரண்டு மாதத்தில் 15 யூனிட்டும் அத்தனை தண்ணீரும் போகிறது. தொட்டி நிரம்பியதும் கூவும் சிறு கருவி மின்சாமான் கடையில் மலிவாகவே கிடைக்கும்.

கூரையில் சூரிய மின்தகடு போடலாமா?

இரண்டு மாதத்துக்கு 200, 250 யூனிட் பயன்படுத்தும் வீட்டுக்கு இப்போது அவசரமில்லை. அந்தப் பணத்தை விசிறியிலும் மழைநீர்த் தொட்டியிலும் போடுங்கள். 500க்கு மேல் கட்டுகிறவர்கள் தாராளமாக யோசிக்கலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் ஒன்றிய அரசு அறிவித்த மானியம் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாய். ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட் அளவுக்குத் தரும்.

பணம் கட்டுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். முதலாவது தென்னை நிழல். காலையில் தெளிவாக இருக்கும் கூரையில் பிற்பகல் மூன்று மணிக்கு மட்டை நிழல் விழுந்தால் உற்பத்தி வெகுவாகக் குறையும். தகட்டுக்காகக் காய்க்கும் மரத்தை வெட்டாதீர்கள். இரண்டாவது காற்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம் கான்கிரீட் தளத்தில் எப்படிப் பிணைக்கப்படுகிறது என்று நேரில் நின்று பாருங்கள். மூன்றாவது, மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. புயல் நாளில் விளக்கு எரியும் என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிட வேண்டும். அதற்கு மின்கலமும் வேண்டும். அது தனிச் செலவு.

கேஸ் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. என்ன செய்வது?

14.2 கிலோ சிலிண்டரை இன்னும் சில நாள் நீட்டிக்கப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். துவரம்பருப்பையும் அரிசியையும் அரை மணி நேரம் ஊற வைத்து ஏற்றுவது, கொதி வந்தபின் தீயைக் குறைப்பது, பாத்திரத்தை மூடிச் சமைப்பது ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. பலர் கவனிக்காதது தண்ணீர். கடலோர ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினத்தன்மையும் கொண்டது. அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பை மசிய விடாது. அதே பருப்பு மழைநீரில் விரைவில் குழையும். குழம்புக்கும் பருப்புக்கும் மட்டும் மழைநீரையோ ஆற்றுநீர்க் குழாய்த் தண்ணீரையோ வைத்துக்கொண்டால் குக்கரில் விசில் குறையும், கேஸும் குறையும்.

தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரிந்தால் பர்னர் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். கழற்றிக் கழுவி உலர்த்தி மாட்டினால் நீல நிறம் திரும்பும்.

கொல்லையில் மட்டையும் விறகும் கிடக்கின்றன. விறகு அடுப்புக்கே திரும்பிவிடலாமா?

வீட்டுக்குள் வேண்டாம். புகை முழுவதும் சமைக்கிற பெண்ணின் நெஞ்சுக்குப் போகிறது. கேஸில் மிச்சம் பிடித்து மருத்துவருக்குக் கொடுப்பதில் சிக்கனமே இல்லை. குளிக்க வெந்நீர் போடுவது, நெல் அவிப்பது போன்ற வேலைகளுக்குத் திறந்த கொல்லையில் தென்னம் மட்டையையும் பாளையையும் எரிக்கலாம். புகை மேலே போய்விடும். அந்த அடுப்பை யார் ஊதுவது என்பதையும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

மாடு வைத்திருப்பவர்களுக்குச் சாண எரிவாயு உண்மையிலேயே நல்லது. இரண்டு கன மீட்டர் கலனுக்கு நாளுக்குச் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். கட்டிப்போட்டு வளர்க்கும் நான்கைந்து மாடுகள் இருந்தால் கிடைக்கும். அதே அளவு தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்தின் சமையலுக்குப் போதும். வெளியே வரும் கழிவுக் கரைசல் வாழைக்கும் நாற்றங்காலுக்கும் எருவாகிறது. ஒரே ஒரு பசுவை வைத்துக்கொண்டு இதில் இறங்காதீர்கள், கலன் காய்ந்துபோகும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு ஏறும் ஊர்களில் குழி வெட்டிக் கட்டுவதைவிடத் தரைக்கு மேல் வைக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

நெல் வாங்கி அரைத்தால் உண்மையிலேயே லாபமா?

ஆமாம், வைத்துக்கொள்ள இடம் இருந்தால். 100 கிலோ நெல் அரைத்தால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி வரும். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டு நேரடிக் கொள்முதல் நிலையங்களில் சாதாரண ரக நெல்லுக்கு ஊக்கத்தொகையோடு குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் விலை. அதே விலையில் வாங்கினால் அரிசி கிலோவுக்கு 39 ரூபாய்க்குள் அடங்குகிறது. நெல் அவிக்கும் கூலி, அரவைக் கூலி, வண்டிக் கூலியைச் சேர்த்துக்கொண்டு, கடையில் நீங்கள் வாங்கும் அரிசி விலையோடு ஒப்பிடுங்கள். தவிடும் குறுநொய்யும் உங்களுக்கே வரும். தவிடு மாட்டுக்கு ஆகும். மாடு இல்லாவிட்டால் விற்கலாம். குறுநொய் கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் உதவும்.

விவசாயிக்கும் இதில் நன்மை இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். மழை பெய்தால் நெல்லைக் குவித்து வைத்துக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். உங்களைப் போல் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒருவரிடம் நேராக வாங்கினால் அவருக்கு உடனே ரொக்கம் கிடைக்கும். அதைச் சாக்காக வைத்து விலையை அடித்துப் பேசாதீர்கள். நிலையத்தில் கிடைக்கும் விலையைவிட ஒரு ரூபாய் கூடக் கொடுத்தாலும் உங்களுக்கு லாபம்தான்.

வீட்டில் வைப்பதற்கு முன் மேலும் இரண்டு மூன்று நாள் நன்றாக வெயிலில் காய வைக்க வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் சூடேறிக் கருத்துவிடும். தை மாதத்துச் சம்பா நெல்லை உடனே அரைத்தால் சோறு குழையும். ஆறு மாதமாவது கிடந்து பழைய நெல்லானபின் அரையுங்கள். பத்தாயம் இருந்த வீடுகளில் இதெல்லாம் பாட்டிமார்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. இன்று பலர் வீட்டில் பத்தாயத்தை விறகுக்கு விற்றுவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. தரையிலிருந்து உயர்த்திய பலகை மேல் சணல் சாக்கில் அடுக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் அதுவே போதும்.

பருப்பு, பயறு எப்போது வாங்குவது நல்லது?

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, ஈரம் காயாத வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது டெல்டாவின் வழக்கம். பனியிலேயே விளையும், தனியாகத் தண்ணீர் கேட்காது. வேர்முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும். இது பங்குனி சித்திரையில் களத்துக்கு வரும். அப்போதுதான் வரத்து அதிகம், விலை தணிவு. ஆண்டு முழுவதும் இட்லிக்கு வேண்டிய உளுந்தை அப்போதே வாங்கி, இரண்டு வெயில் காய வைத்து, நிழலில் உலர்த்திய வேப்பிலையோ வசம்போ போட்டு இறுக மூடி வைக்கலாம். ஆடியில் ஒரு முறை எடுத்து மீண்டும் வெயில் காட்டினால் வண்டு வராது.

பாரம்பரிய நெல் அரிசி நல்லது என்கிறார்கள். ஆனால் விலை?

விலை கூடுதல்தான், அதற்குக் காரணமும் உண்டு. மாப்பிள்ளைச் சம்பா போன்ற ரகங்கள் வயலில் நிற்கும் நாள்களும் அதிகம், விளைச்சலும் குறைவு. திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் ‘நெல்’ ஜெயராமன் 174 ரகங்களை மீட்டெடுத்தார். ஆதிரெங்கத்தில் 2006 முதல் நடந்த நெல் திருவிழாவில் விவசாயிகளுக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்பப் பெற்று மற்றவர்களுக்குக் கொடுத்தார். 2018இல் அவர் மறைந்தார். அவர் பரப்பிய விதைகள் இன்றும் டெல்டா வயல்களில் விளைகின்றன.

மூன்று வேளையும் இந்த அரிசி என்றால் பலருக்குக் கட்டுப்படியாகாது, அப்படி யாரையும் நான் வற்புறுத்தமாட்டேன். காலைக் கஞ்சிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். இந்த அரிசிக் கஞ்சி கொஞ்சம் குடித்தாலே பசி தாங்கும் என்பதால் செலவு அவ்வளவு ஏறாது. விற்பவர் யார், எந்த ஊரில் விளைந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

மீந்துபோன சோற்றை என்ன செய்வது?

நீர் ஊற்றி வைத்துக் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துப் பழையதாகச் சாப்பிடுங்கள். இரவு சோறு ஆறியதுமே நீர் ஊற்ற வேண்டும். அடுத்த நாள் பிற்பகலுக்கு மேல் வைக்க வேண்டாம். காலைச் சிற்றுண்டிக்கான கேஸும் நேரமும் மிச்சம்.

கொல்லையில் காய்கறி போட்டால் எவ்வளவு மிச்சமாகும்? எப்போது விதைப்பது?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பழமொழி. நம் பகுதியில் அதோடு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் அடை மழை பெய்யும், களிமண்ணில் தண்ணீர் வடியாது, கத்தரியும் வெண்டையும் வேர் அழுகிப் போகும். எனவே ஆடியில் பந்தலில் ஏறும் கொடிகளைப் போடுங்கள்: அவரை, புடலை, பீர்க்கன், சுரை. பாத்தியைத் தரைக்கு மேல் ஒரு முழம் உயர்த்துங்கள். கத்தரி, வெண்டை, கீரை எல்லாவற்றையும் தைப்பட்டத்தில் தாராளமாகப் போடலாம்.

மிச்சத்தைப் பற்றி மிகையாகச் சொல்ல விரும்பவில்லை. வெங்காயமும் தக்காளியும் உருளைக்கிழங்கும் கடையில்தான் வாங்கப்போகிறீர்கள். ஆனால் ஒரு முருங்கை, இரண்டு வாழை, ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, ஒரு பந்தல் இருந்தால் வாரத்தில் மூன்று நாள் குழம்புக்கும் கறிக்கும் கடைக்குப் போக வேண்டாம். வாழையில் காய், பூ, தண்டு, இலை அத்தனையும் வீட்டுக்கு ஆகிறது. குளியலறைத் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டால் தனியாக நீர் பாய்ச்சவும் வேண்டாம். சோப்புத்தூள் மிகுந்த துணி அலசும் முதல் தண்ணீரை மட்டும் தவிருங்கள்.

கோடையில் செடியின் அடியில் வைக்கோலையோ காய்ந்த வாழைச் சருகையோ நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று சொன்ன மூடாக்கு இதுதான். மண் ஈரம் காக்கும், களை குறையும், தினமும் ஊற்றிய தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினால் போதும்.

சமையலறைக் கழிவை எருவாக்கும்போது நாற்றம் வருகிறதே?

ஈரம் அதிகமாகிவிட்டது. காய்கறித் தோல் ஒரு கூடை போட்டால் அதன் மேல் காய்ந்த இலையோ வைக்கோலோ இரண்டு கூடை போடுங்கள், ஒரு கரண்டி சாணக் கரைசல் தெளியுங்கள். மழைக்காலத்தில் குழியில் போடாதீர்கள். தண்ணீர் ஊறி அழுகும். தரைமேல் குவித்து, தென்னங்கீற்றால் மூடிவிடுங்கள்.

தண்ணீர் கேன் வாங்காமல் இருக்க முடியுமா?

மழை பெய்யும் மாதங்களில் முடியும். ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 50 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 20 மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 லிட்டர். சிதறல் போக 800 லிட்டர் கையில் நிற்கும், அதாவது 40 கேன். வடகிழக்குப் பருவமழையில் இப்படிப் பல மழை வரும்.

2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பெரும்பாலான வீடுகளில் குழாய் நேராக மண்ணுக்குள் போகிறது. அதுவும் நல்லதே, உப்பேறிய நிலத்தடி நீர் மெல்லத் தெளியும். குடிக்கப் பிடிக்க வேண்டுமானால் குழாயில் ஒரு பிரிவு வைத்து, பருவத்தின் முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிடுங்கள். தளத்தில் காக்கை எச்சமும் தூசியும் அதோடு போகும். பிறகு வெள்ளைத் துணி கட்டிய வாய் வழியாகத் தொட்டியில் பிடியுங்கள். கொசு புகாமலும் வெளிச்சம் படாமலும் மூடி வைத்தால் பாசி பிடிக்காது. குடிப்பதற்குக் காய்ச்சுங்கள்.

மஞ்சப்பை எடுத்துப் போவதால் நம் ஒரு வீட்டில் என்ன ஆகிவிடும்?

காசில் பெரிதாக மிச்சம் வராது. ஆனால் டெல்டாவில் இதற்கு வேறு எந்த ஊரையும்விட அழுத்தமான காரணம் இருக்கிறது. நம் நிலம் சமதளம். கார்த்திகை மழையில் வயலின் தண்ணீர் வடிவது சிறு வடிகால்கள் வழியாகத்தான். மதகிலும் குழாய்ப் பாலத்திலும் பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டால் பயிர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் அணை திறப்பதற்கு முன் வாய்க்கால் தூர்வாரும் இடத்தில் போய் நின்று பாருங்கள், வண்டலோடு எத்தனை பை வருகிறதென்று. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. கடைக்காரர் நீட்டினாலும் வாங்காதீர்கள். கறிக்கடைக்கும் மீன் கடைக்கும் மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு கொண்டுபோங்கள்.

கல்யாணச் செலவில் இதெல்லாம் நடக்குமா?

இங்கேதான் பெரிய தொகை இருக்கிறது. பந்திக்கு வாழை இலை நம் ஊரில் எப்படியும் உண்டு. திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் அதற்கென்றே தோட்டங்கள் இருக்கின்றன. வீணாவது மற்றவற்றில். ஆளுக்கொரு சிறு தண்ணீர் பாட்டில் வைப்பதற்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுத்து, தண்ணீர் பரிமாற இரண்டு ஆள் போடுங்கள். இரண்டுக்கும் ஆகும் தொகையைச் சமையல்காரரிடம் எழுதிக் கேளுங்கள். பாதி குடித்த பாட்டில்களை அள்ளும் கூலியும் அதில் சேர வேண்டும்.

உணவில் எண்ணிக்கையைக் குறையுங்கள். 20 வகை வைத்தால் இலையில் எட்டு அப்படியே மூடப்படுகிறது. பத்து வகையைச் சூடாக, கேட்டுக் கேட்டுப் பரிமாறினால் வந்தவர் மனமும் வயிறும் நிறைந்து போவார். சொந்தக்காரர்கள் குறை சொல்வார்கள் என்ற பயம் எனக்கும் புரிகிறது. கடன் வாங்கி நடத்திய கல்யாணத்தின் வட்டியை அவர்கள் கட்டப்போவதில்லை.

பெட்ரோல் செலவைக் குறைக்க?

டெல்டா மேடு பள்ளம் இல்லாத நிலம். மூன்று நான்கு கிலோமீட்டருக்குச் சைக்கிள் போதும். பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் பல வீட்டில் காற்று இறங்கி நிற்கிறது, அதைப் பழுது பாருங்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைக்கு இடையே பாசஞ்சர் ரயில் நேரம் ஒத்துவந்தால் பைக்கை ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போகலாம்.

பாத்திரம், மிக்சி, துணி பழசானால்?

கும்பகோணம் பக்கம் பித்தளைக்கு இன்னும் ஈயம் பூசித் தருகிறார்கள். பாட்டி வீட்டுப் பாத்திரத்தைப் பழைய விலைக்குப் போடும் முன் அங்கே காட்டுங்கள். மிக்சியில் பெரும்பாலும் தேய்வது பிளேடும் அடியில் உள்ள ரப்பரும்தான், அதற்காகப் புதிது வேண்டாம். பழைய பருத்திப் புடவை கைக்குழந்தைக்கு ஏணைக்கும் விரிப்புக்கும் ஆவதைப் போல வேறெதுவும் ஆவதில்லை.

நாப்கினுக்கு மாற்று உண்டா?

உண்டு. சிலிகான் மாதவிடாய்க் குப்பி ஒன்றைப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். மாதச் செலவு ஏறக்குறைய நின்றுவிடும், கொல்லையில் எரிக்கவோ வாய்க்காலில் எறியவோ எதுவும் இருக்காது. 12 மணி நேரத்துக்குள் வெளியே எடுத்துக் கழுவ வேண்டும், ஒவ்வொரு மாதமும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். பழக இரண்டு மூன்று மாதம் ஆகலாம். தயக்கம் இருந்தால் துவைத்துப் பயன்படுத்தும் துணிப் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மறைவில் ஈரமாகப் போடாமல் வெயிலில் காய வைக்க வேண்டும். வீட்டில் உள்ள ஆண்கள் அந்தக் கொடியைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருந்தால் பெண்கள் பல தொற்றுகளிலிருந்து தப்புவார்கள்.

இத்தனையும் செய்ய எனக்கு நேரம் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியைப் பெண்கள்தான் கேட்பார்கள், கேட்பதில் முழு நியாயம் உண்டு. நெல் காய வைப்பது, எரு கிளறுவது, தொட்டி கழுவுவது, தூக்கு கொண்டுபோவது எல்லாம் ஒருவரே செய்தால் அது சிக்கனமாகாது, கூலியில்லா வேலையாகும். மாவரைக்கும் கிரைண்டரையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் யாரும் விட வேண்டியதில்லை. அவை இழுக்கும் மின்சாரம் ஏசியோடு ஒப்பிடச் சிறிது.

வேலையைப் பெயர் போட்டுப் பிரியுங்கள். மீட்டர் பார்ப்பதும் மோட்டார் நிறுத்துவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. எருக்குவியல் மகனுடையது. நெல் மூட்டை வாங்குவது, அரவைக்கு எடுத்துப்போவது ஆண்கள் வேலை. கடைக்குப் போகிறவர் பையும் தூக்கும் எடுத்துப்போக வேண்டும், மறந்தால் திரும்பி வந்து எடுக்க வேண்டும். இரண்டு மாதத்தில் மின்ரசீதில் குறைந்த தொகை எவ்வளவோ, அதைத் தனியாக எடுத்து வீட்டுப் பெண்ணின் பெயரில் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். அடுத்த விசிறிக்கான பணம் அதிலிருந்து வரட்டும்.